உங்க பஸ் திடீர்னு நின்னுபோனா? 167ஆம் எண் சேவை சொல்லும் கதை

வீட்டுக்குக் கீழே பேருந்து நிறுத்தம். பள்ளிக்குப் போன பஸ், டியூஷனுக்குப் போன பஸ், முதல் வேலைக்குப் போன பஸ், எல்லாமே அதே எண். ஒரு நாள் நிறுத்தத்தில் ஓர் அறிவிப்பு: இந்தச் சேவை இன்னும் சில வாரங்களில் நிறுத்தப்படும்.

"அதான் பக்கத்திலேயே எம்ஆர்டி இருக்கே!" என்று ஒருவர் சொல்வார். "எம்ஆர்டி இருக்கு, ஆனா பாட்டிக்கு அத்தனை தூரம் நடக்க முடியாதே!" என்று இன்னொருவர் சொல்வார்.

இரண்டுமே உண்மைதான். அதனால்தான் பேருந்துத் தடங்களை மாற்றும் பேச்சு வந்தாலே சிங்கப்பூரில் விவாதம் சூடுபிடிக்கிறது.

ஒரு சேவையை ஏன் நிறுத்துகிறார்கள்? யார் முடிவெடுக்கிறார்கள்? நம் கருத்துக்கு மதிப்பு இருக்கிறதா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

167: என்ன நடந்தது?

செம்பவாங் பேருந்து முனையத்துக்கும் புக்கிட் மேரா பேருந்து முனையத்துக்கும் இடையே ஓடும் நீண்ட தூரச் சேவை 167. வடக்கிலிருந்து புறப்பட்டு, அப்பர் தாம்சன் சாலை, தாம்சன் சாலை, ஆர்ச்சர்ட் வட்டாரம், ஷெண்டன் வே என்று நகர மையத்தைக் கடந்து தெற்கே போகும்.

2023ஆம் ஆண்டு நவம்பர் மாதம் நிலப் போக்குவரத்து ஆணையம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. டிசம்பர் 10ஆம் தேதியிலிருந்து 167 ஓடாது. காரணம், தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதை திறந்த பிறகு பயணிகளின் எண்ணிக்கை குறைந்துவிட்டது.

அந்த ரயில் பாதை எப்படிக் கட்டங்கட்டமாக வந்தது என்று பாருங்கள்:

- 2020 ஜனவரி 31: முதல் கட்டம், உட்லண்ட்ஸ் வட்டாரத்தில்
- 2021 ஆகஸ்ட் 28: இரண்டாம் கட்டம், ஸ்பிரிங்லீஃப் முதல் கால்டிகாட் வரை
- 2022 நவம்பர் 13: மூன்றாம் கட்டம், ஸ்டீவன்ஸ் முதல் கார்டன்ஸ் பை தி பே வரை
- 2024 ஜூன் 23: நான்காம் கட்டம், தஞ்சோங் ரூ முதல் பேஷோர் வரை

அப்பர் தாம்சன், ஆர்ச்சர்ட், ஷெண்டன் வே எல்லாமே இப்போது அந்த ரயில் பாதையில் நிலையங்கள். அதாவது, 167 போகும் வழியில் பெரும்பகுதிக்கு நிலத்துக்கு அடியில் ரயில் ஓடுகிறது.

அறிவிப்புக்கும் கடைசி நாளுக்கும் இடையே ஒரு மாதம்கூட இல்லை. குடியிருப்பாளர்கள் கொதித்தார்கள். சமூக ஊடகங்களில் கருத்துகள் குவிந்தன. நாடாளுமன்ற உறுப்பினர்களிடமும் புகார்கள் போயின.

அந்த மாதம் முடிவதற்குள் ஆணையம் முடிவை மாற்றியது. 167 தொடரும். ஆனால் 30 நிமிடத்துக்கு ஒரு பஸ்தான்.

பஸ் பிழைத்தது. விவாதம் மட்டும் அங்கே முடியவில்லை.

முதல்ல ஒரு கேள்வி: பஸ் தடத்தை யார் முடிவு செய்கிறார்கள்?

பஸ் மேலே எஸ்பிஎஸ் டிரான்சிட், எஸ்எம்ஆர்டி, டவர் டிரான்சிட், கோ-அஹெட் என்று ஏதாவது ஒரு பெயர் இருக்கும். அந்த நிறுவனம்தான் தடத்தை முடிவு செய்கிறது என்று பலர் நினைக்கிறார்கள்.

இப்போது அப்படி இல்லை.

2016 வரை நிறுவனங்கள் பஸ்களைச் சொந்தமாக வைத்திருந்தன. கட்டணப் பணமும் அவற்றுக்கே போனது. லாபம் வந்தாலும் நட்டம் வந்தாலும் அவற்றின் பொறுப்பு.

2016ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி எல்லாப் பொதுப் பேருந்துச் சேவைகளும் ஒப்பந்த முறைக்கு மாறின. இந்த முறையில்:

- பஸ்களும் பணிமனைகளும் அரசாங்கத்தின் சொத்து
- கட்டண வருமானம் அரசாங்கத்துக்குப் போகும்
- எந்தத் தடம், எத்தனை நிமிடத்துக்கு ஒரு பஸ் என்பதை நிலப் போக்குவரத்து ஆணையம் திட்டமிடும்
- நிறுவனம் ஒப்பந்தக் கட்டணம் வாங்கிக்கொண்டு பஸ்ஸை ஓட்டும்

ஒப்பந்தம் பொதுவாக 5 ஆண்டு. சேவை நன்றாக இருந்தால் 2 ஆண்டு நீட்டிக்கலாம்.

ஆகவே ஒரு பஸ்ஸில் ஆள் குறைந்தால் கையைச் சுட்டுக்கொள்வது நிறுவனம் இல்லை. பொதுப்பணம்தான். தடத்தை நிறுத்தினால் திட்டு வாங்குவதும் நிறுவனம் இல்லை, ஆணையம்தான். 167 விவாதத்தில் எல்லாக் கண்களும் ஆணையத்தின் பக்கம் திரும்பியதற்கு இதுவே காரணம்.

சரி, ஓடுற பஸ்ஸை ஏன் நிறுத்தணும்?

ஆணையத்தின் வாதத்தை மூன்று வரியில் சொல்லலாம்.

ஒன்று, பணம். பொதுப் போக்குவரத்தை இயக்க அரசாங்கம் ஆண்டுக்கு 2 பில்லியன் வெள்ளிக்கும் மேல் மானியம் தருகிறது. நாம் கார்டைத் தட்டும்போது கழியும் பணம் முழுச் செலவையும் ஈடுகட்டுவதில்லை.

இரண்டு, ஆளும் வண்டியும். ஒரு நீண்ட தூரச் சேவை ஒரு சுற்று போய்வரப் பல மணி நேரம் ஆகும். அடிக்கடி பஸ் வேண்டும் என்றால் ஒரே நேரத்தில் நிறைய பஸ்கள், நிறைய ஓட்டுநர்கள் சாலையில் இருக்க வேண்டும். அதே வண்டிகளைப் புதிய குடியிருப்புப் பேட்டை ஒன்றில் குறுகிய தடத்தில் விட்டால் இன்னும் அதிகமானவர்களுக்கு உதவும்.

மூன்று, பழக்கம் மாறிவிட்டது. 2019இல் ஒரு நாளைக்குச் சராசரியாகச் சுமார் 4.1 மில்லியன் பேருந்துப் பயணங்கள். 2023இல் அது சுமார் 3.75 மில்லியன். கிருமிப்பரவலுக்குப் பிறகு வீட்டிலிருந்து வேலை செய்வது கூடியது. புதிய ரயில் பாதைகளும் வந்தன.

ரயிலின் பலத்தையும் சொல்ல வேண்டும். தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் பாதையில் ஓடும் 4 பெட்டி ரயில் ஒன்றில் ஏறத்தாழ 1,280 பேர் போகலாம். ஒரு மாடி பஸ் ஒன்றில் நூற்றைக்கூடத் தொட முடியாது. ரயிலுக்குப் போக்குவரத்து நெரிசலும் இல்லை, சிவப்பு விளக்கும் இல்லை.

எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால், ரயிலுக்குப் பக்கத்திலேயே ஓடும் நீண்ட தூர பஸ்ஸைக் குறைப்பது நியாயமாகத்தான் தெரிகிறது.

அப்புறம் ஏன் இவ்வளவு கோபம்?

வரைபடத்தில் நேராகத் தெரியும் பயணம் காலில் நடக்கும்போது நேராக இருப்பதில்லை.

ஓர் உதாரணம். இது கற்பனைதான், ஆனால் உங்கள் வீட்டிலேயே நடக்கக்கூடியது.

75 வயதுப் பாட்டி ஒருவர். முழங்கால் வலி. மாதம் ஒருமுறை மருத்துவமனைக்குப் போக வேண்டும். பஸ்ஸில் போனால், புளோக்குக்குக் கீழே ஏறி, உட்கார்ந்து, மருத்துவமனை அருகே இறங்கலாம். ஒரே பஸ். 50 நிமிடம்.

ரயிலில் போனால், நிலையத்துக்கு 10 நிமிட நடை. மின்தூக்கிக்குக் காத்திருப்பு. ரயில். இன்னொரு பாதைக்கு மாறுவதற்கு நீண்ட நடைபாதை, மறுபடி மின்தூக்கி. மறுபடி ரயில். கடைசியில் இன்னொரு நடை. கடிகாரத்தைப் பார்த்தால் 40 நிமிடம். 10 நிமிடம் மிச்சம்!

பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். அந்தப் பத்து நிமிடம் அவருக்கு வேண்டாம். இருக்கைதான் வேண்டும்.

இங்கேதான் இரண்டு தரப்பும் வேறு வேறு அளவுகோலைப் பிடித்திருப்பது தெரிகிறது. திட்டமிடுவோர் நிமிடங்களை எண்ணுகிறார்கள். மூத்தவர்கள், உடற்குறையுள்ளோர், கைக்குழந்தையோடு போகும் பெற்றோர் எல்லாரும் படிகளையும் மாற்றங்களையும் எண்ணுகிறார்கள்.

நம் பொதுப் பேருந்துகள் எல்லாவற்றிலும் 2020 டிசம்பரிலிருந்து சக்கர நாற்காலியோடு ஏற முடியும். இது பெரிய சாதனை. நாற்காலியில் இருப்பவருக்கு ஒரே பஸ்ஸில் போய்ச் சேருவதும், மூன்று மின்தூக்கி மாறிப் போவதும் ஒன்றாகிவிடுமா?

இன்னொன்றும் இருக்கிறது. தட்டும் கார்டு எல்லாவற்றையும் பதிவு செய்யும். எத்தனை பேர் ஏறினார்கள், எங்கே இறங்கினார்கள், எல்லாம் தெரியும். வராமல்போனவர் மட்டும் அதில் பதிவாக மாட்டார். பஸ் நின்ற பிறகு "இனி சிரமம்" என்று கோயிலுக்கோ தேக்கா சந்தைக்கோ போவதையே விட்டுவிட்ட தாத்தா எந்தத் தரவிலும் இருக்க மாட்டார்.

மாறிப் போனா காசு அதிகமாகுமா?

பொதுவாக ஆகாது. இதைப் பலர் தவறாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள்.

2010 ஜூலையிலிருந்து நாம் தூரத்துக்கு ஏற்பத்தான் கட்டணம் கட்டுகிறோம். பஸ்ஸிலிருந்து ரயிலுக்கு மாறினாலும், மறுபடி பஸ்ஸுக்கு மாறினாலும் ஒவ்வொரு முறையும் புதிதாக ஆரம்பக் கட்டணம் கிடையாது. ஆனால் சில விதிகள் உண்டு:

- ஒரு பயணத்தில் 5 முறை வரை மாறலாம்
- ஒன்றிலிருந்து இறங்கி 45 நிமிடத்துக்குள் அடுத்ததில் ஏற வேண்டும்
- முழுப் பயணமும் 2 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும்
- அதே எண் பஸ்ஸில் மறுபடி ஏறினால் அது புதிய பயணம்

30 நிமிடத்துக்கு ஒருமுறை வரும் பஸ்ஸை நம்பி மாறுபவர் இந்த 45 நிமிடக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பஸ்ஸைத் தவறவிட்டு, அடுத்ததும் தாமதமானால் நேரம் தாண்டிவிடும்.

ஆக, இந்த விவாதம் பெரும்பாலும் பணத்தைப் பற்றியது இல்லை. உடல் சிரமத்தையும் நேரத்தையும் பற்றியது.

30 நிமிடத்துக்கு ஒரு பஸ்: வெற்றியா, தள்ளிப்போட்டதா?

167ஐக் காப்பாற்றியதைப் பலர் வரவேற்றார்கள். மக்கள் பேசினார்கள், அதிகாரிகள் கேட்டார்கள். நல்ல விஷயம்தான்.

ஆனால் 30 நிமிடம் என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

ஒப்பந்த முறையில் பொதுவான இலக்கு, உச்ச நேரத்தில் 15 நிமிடத்துக்கு மேல் காத்திருக்கக் கூடாது என்பது. ஃபீடர் சேவைகள் என்றால் 6 முதல் 8 நிமிடம். அதோடு ஒப்பிட்டால் 30 நிமிடம் ரொம்ப நீண்ட இடைவெளி.

நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்குப் போனால் சராசரியாக 15 நிமிடம் காத்திருக்க வேண்டும். நல்ல நாளில் உடனே கிடைக்கும், கெட்ட நாளில் அரை மணி நேரம்.

உங்களுக்கும் எனக்கும் பிரச்சினை இல்லை. செயலியைத் திறந்து, பஸ் எங்கே வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டை விட்டே கிளம்புவோம். இந்தச் சேவை யாருக்காகத் தக்கவைக்கப்பட்டதோ, அவர்களில் பலர் அப்படிச் செய்வதில்லை.

இங்கே ஒரு சுழல் இருக்கிறது:

- ஆள் குறைவு, அதனால் பஸ்ஸைக் குறைக்கிறார்கள்
- பஸ் குறைவு, அதனால் காத்திருப்பு கூடுகிறது
- காத்திருப்பு கூடுவதால் இன்னும் சிலர் விலகுகிறார்கள்
- மறுபடி ஆள் குறைவு

போக்குவரத்துத் துறையில் உலகெங்கும் தெரிந்த சிக்கல் இது. மறுபக்கமும் உண்டு. மொத்தமாக நிறுத்துவதைவிடக் குறைத்து ஓட்டுவது அவகாசம் தருகிறது. மக்கள் மெதுவாகப் புதிய வழிக்குப் பழகலாம். உண்மையிலேயே வேறு வழியில்லாதவர்கள் யார் என்பதும் தெரியவரும்.

எனவே இது முழு வெற்றியும் இல்லை, ஏமாற்றும் இல்லை. நடுவழியில் கிடைத்த ஓர் உடன்பாடு.

இது முதல் தடவையா?

இல்லவே இல்லை. புதிய ரயில் பாதை திறக்கும்போதெல்லாம் இதே கேள்வி வந்திருக்கிறது.

2003ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் தேதி வடகிழக்கு ரயில் பாதை திறந்தது. அதற்கு இணையாக ஓடிய சில பஸ் சேவைகள் நிறுத்தப்பட்டன, சில மாற்றப்பட்டன. அப்போதும் குடியிருப்பாளர்கள் அதிருப்தி தெரிவித்தார்கள்.

2020இல் புக்கிட் பாஞ்சாங் வட்டாரத்தின் முறை. டௌன்டவுன் ரயில் பாதை அங்கே 2015 டிசம்பர் 27ஆம் தேதியே வந்துவிட்டது. அதைக் காரணம் காட்டி 700, 700ஏ சேவைகள் நிறுத்தப்பட்டன. 972 மாற்றப்பட்டு 972எம் ஆனது. மக்கள் கருத்துச் சொன்ன பிறகு 171 தக்கவைக்கப்பட்டது.

முதலில் அறிவிப்பு, பிறகு எதிர்ப்பு, கடைசியில் திருத்தம். இந்த வரிசையைக் கவனித்தீர்களா? கடைசிக் கட்டத்தில் நடக்கும் பேச்சு முதல் கட்டத்திலேயே நடந்தால் என்ன என்ற கேள்வி அதிலிருந்துதான் எழுகிறது.

வெள்ளை யானைகள் வந்த கதை

பஸ் தடம் மட்டும் இல்லை. கட்டிமுடித்த நிலையத்தைத் திறக்காமல் வைத்திருந்ததும் ஒரு காலத்தில் பெரிய விவாதம்.

வடகிழக்குப் பாதை 2003இல் திறந்தபோது புவாங்கோக் நிலையம் கட்டி முடிந்திருந்தது. ஆனால் ரயில் நிற்கவில்லை. சுற்றிலும் போதுமான குடியிருப்பாளர்கள் இல்லை, திறந்தால் செலவு கட்டுப்படியாகாது என்பது சொல்லப்பட்ட காரணம்.

அங்கே குடியிருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? தினமும் நிலையத்தைத் தாண்டி, ரயிலைப் பிடிக்க வேறு நிலையத்துக்குப் போக வேண்டும்.

2005ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், அப்போதைய அமைச்சர் டாக்டர் விவியன் பாலகிருஷ்ணன் அந்த வட்டாரத்துக்கு வந்தபோது, நிலையத்துக்கு அருகே அட்டையில் செய்த 8 வெள்ளை யானைகள் வரிசையாக நின்றன! பயனில்லாத பெருஞ்செலவை ஆங்கிலத்தில் 'வெள்ளை யானை' என்பார்கள். யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

காவல்துறை விசாரித்தது. அனுமதியின்றி வைத்ததற்காகக் கடும் எச்சரிக்கையோடு விஷயம் முடிந்தது. 2006 ஜனவரி 15ஆம் தேதி நிலையம் திறந்தது.

அதே பாதையில் உட்லே நிலையம் இன்னும் அதிக காலம் காத்திருந்தது. அது 2011 ஜூன் 20ஆம் தேதிதான் திறந்தது. பாதை திறந்து சரியாக 8 ஆண்டு.

இன்று காலை நேரத்தில் புவாங்கோக் போய்ப் பாருங்கள். ஆளே இல்லை என்று ஒரு காலத்தில் சொன்னார்கள் என்றால் நம்ப மாட்டீர்கள். இன்றைய பயணிகள் எண்ணிக்கையை வைத்து மட்டும் ஒரு வசதியை எடைபோட்டுவிட முடியாது என்பதற்கு அந்த நிலையம் நல்ல சாட்சி.

பஸ் குறையுற மாதிரி இருக்கே, எங்கேயாவது கூடுதா?

கூடுகிறது.

2012 முதல் 2017 வரை நடந்த பேருந்துச் சேவை மேம்பாட்டுத் திட்டத்தில் 1,000 பஸ்களும் சுமார் 80 புதிய சேவைகளும் சேர்க்கப்பட்டன. அரசாங்கம் அதற்கு ஒதுக்கியது 1.1 பில்லியன் வெள்ளி.

2024 ஜூலையில் இன்னொரு திட்டம் அறிவிக்கப்பட்டது. பேருந்து இணைப்புகளை மேம்படுத்த 8 ஆண்டுகளில் 900 மில்லியன் வெள்ளி வரை செலவிடப்படும். புதிய பேட்டைகளுக்குக் கூடுதல் சேவைகள், நகர மையத்துக்கு வேகமாகப் போகும் விரைவுச் சேவைகள் எல்லாம் அதில் அடங்கும்.

இப்போது தெங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தம்புது நகரம். ஜூரோங் வட்டார ரயில் பாதை இன்னும் கட்டுமானத்தில் இருக்கிறது. அதுவரை அங்கே வீடு வாங்கிக் குடிபோன இளம் குடும்பங்களுக்கு பஸ்தான் எல்லாமே. தெங்கா பேருந்து முனையம் 2024 ஜூலை 21ஆம் தேதி திறந்தது.

தெங்காவாசி ஒருவரிடம் "செம்பவாங்கிலிருந்து நீண்ட தூர பஸ் ஓட வேண்டுமா?" என்று கேட்டால், "முதல்ல எங்க ஊருக்கு இன்னும் ரெண்டு பஸ் விடுங்க" என்று சொன்னால் தப்பா?

இதுதான் இந்த விவாதத்தின் கடினமான பகுதி. இருக்கும் பஸ்களும் ஓட்டுநர்களும் அளவானவை. ஓர் இடத்துக்குக் கூடுதலாகக் கொடுத்தால் இன்னோர் இடத்தில் குறையும். பழைய பேட்டையின் மூத்தவரும் புதிய பேட்டையின் இளம் தாயும் ஒரே பஸ்ஸுக்குப் போட்டி போடுகிறார்கள், ஒருவரை ஒருவர் பார்க்காமலேயே.

வசதிகள் சரியா இருந்தா மாற்றம் சுலபமா?

பெரிய அளவில், ஆமாம்.

"பஸ்ஸை நிறுத்தாதே" என்ற கோரிக்கைக்குப் பின்னால் பல நேரம் இருப்பது "மாறுவது எனக்குக் கஷ்டம்" என்ற கவலை. மாறும் இடம் சுலபமாக இருந்தால் கவலையும் குறையும்.

ஒருங்கிணைந்த போக்குவரத்து நடுவங்கள் அந்த யோசனையில் வந்தவைதான். பஸ் முனையம், எம்ஆர்டி நிலையம், கடைத்தொகுதி எல்லாம் ஒரே கூரையின் கீழ், குளிர்சாதன வசதியோடு. முதலாவது 2002இல் தோ பாயோவில் வந்தது. யீஷூனில் 2019, உட்லண்ட்ஸில் 2021.

கூரை போட்ட நடைபாதைகளும் முக்கியம். 2013இல் அறிவிக்கப்பட்ட திட்டத்தில், 2018க்குள் 200 கிலோமீட்டர் நடைபாதைகள் கட்டப்பட்டன. மழையில் நனையாமல் நிலையத்துக்குப் போவது சின்ன விஷயமாகத் தெரியலாம். டிசம்பர் மழையில், ஒரு கையில் கைத்தடியும் இன்னொரு கையில் குடையுமாக நடப்பவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

வசதிகளைக் கட்டும் காலத்திலும் சிரமம் உண்டு. ஜூரோங் ஈஸ்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே புதிய நடுவம் கட்டுவதற்காகப் பேருந்து முனையம் 2020 டிசம்பரில் இடம் மாறியது. 2023 நவம்பரில் ஜூரோங் டவுன் ஹால் பேருந்து முனையமும் வந்தது. நாளை வரும் வசதிக்காக இன்று நடப்பவர் கொஞ்சம் கூடுதலாக நடக்கிறார்.

2040ஆம் ஆண்டுக்கான நிலப் போக்குவரத்துப் பெருந்திட்டம் சொல்வது இதுதான்: அக்கம்பக்க மையத்துக்கு 20 நிமிடத்தில், உச்ச நேரத்தில் வேலையிடத்துக்கு 45 நிமிடத்தில் போய்ச் சேர வேண்டும். 2030களில் பத்தில் எட்டு வீடுகளிலிருந்து 10 நிமிட நடையில் ரயில் நிலையம் இருக்க வேண்டும்.

நல்ல இலக்குகள். ஆனால் அந்தப் பத்து நிமிடம் யாருடைய கால் கணக்கு? உங்கள் பத்து நிமிடம் பாட்டிக்கு இருபது நிமிடமாக இருக்கலாம். மீதமுள்ள இரண்டு வீடுகளுக்கும் பஸ்ஸை விட்டால் வேறு வழி குறைவு.

உங்க பஸ் மாறப்போகுதுன்னா என்ன செய்யலாம்?

கோபமாக ஒரு பதிவு போடுவது சுலபம். ஆனால் முடிவெடுப்பவர்களுக்கு உதவுவது விவரங்கள்தான். தரவில் தெரியாததை நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

- எண்ணைக் குறிப்பிடுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் 5 இலக்க எண் உண்டு. எந்த நிறுத்தத்தில் ஏறி எதில் இறங்குகிறீர்கள் என்று எழுதுங்கள்.
- நேரத்தைச் சொல்லுங்கள். தினமும் காலை 7 மணிக்கா, வாரம் ஒருமுறை மருத்துவமனைக்கா?
- மாற்று வழியை நீங்களே போய்ப் பாருங்கள். ஆணையம் சொல்லும் புதிய வழியில் ஒருமுறை பாட்டியோடு போய் வாருங்கள். எங்கே மின்தூக்கி இல்லை, எங்கே கூரை இல்லை, எங்கே உட்கார இடம் இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள்.
- மாற்று யோசனை கொடுங்கள். "நிறுத்தாதீர்கள்" என்பதோடு நிற்காமல், "இந்த ஃபீடர் இன்னும் இரண்டு நிறுத்தம் நீண்டால் போதும்" என்றும் சொல்லலாம்.
- சரியான இடத்தில் சொல்லுங்கள். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இணையப்பக்கம், ஒன்சர்விஸ் செயலி, உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு.

வீட்டில் இருக்கும் மூத்தவர்களுக்காகவும் எழுதுங்கள். அவர்கள் தமிழில் சொல்வதை நீங்கள் ஆங்கிலத்தில் படிவத்தில் நிரப்பலாம். இருமொழி தெரிந்த நமக்கு இது பத்து நிமிட வேலை. அவர்களுக்கு அது பல நேரம் முடியாத வேலை.

சுருக்கமா சொன்னா...

- பஸ் தடங்களைத் திட்டமிடுவது நிலப் போக்குவரத்து ஆணையம், பஸ் நிறுவனம் இல்லை
- புதிய ரயில் பாதை வரும்போது இணையாக ஓடும் பஸ் சேவைகள் மறுபரிசீலனைக்கு வருவது வழக்கம்
- மாறிப் போவதால் பொதுவாகக் கட்டணம் கூடாது, ஆனால் நடையும் காத்திருப்பும் கூடலாம்
- பாதிப்பு எல்லாருக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை
- 167 காட்டியது போல, முடிவுகள் மாறக்கூடியவை

எந்த பஸ்ஸையும் எப்போதும் நிறுத்தவே கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. நகரம் வளர்கிறது, பாதைகளும் மாறத்தான் வேண்டும். யாரிடம் எப்போது கேட்டுவிட்டு மாற்றுகிறோம் என்பதில்தான் நியாயம் இருக்கிறது.

அடுத்த முறை நிறுத்தத்தில் ஓர் அறிவிப்பைப் பார்த்தால், அதைப் படம் எடுத்து வீட்டுக் குழுவில் மட்டும் போட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். பக்கத்தில் காத்திருக்கும் தாத்தாவிடம் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லுங்கள். அவர் எங்கே போகிறார் என்றும் கேட்டுப் பாருங்கள்.